கோடு வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா?

பாலில் ஒளிந்திருக்கும் நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் சின்ன அட்டையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்



பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு ஊரில் நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் கறவை மாடு வாங்கினார். காலையில் ஆறு லிட்டர், சாயந்திரம் நாலு லிட்டர். தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வந்தார். மழைக்காலத்தில் ஒருநாள் பால் ஊற்றும் இடத்தில், அவர் பாலில் ஒரு சொட்டு எடுத்து ஒரு சின்ன அட்டையில் விட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பால் வேண்டாம்மா, தீவனத்தைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர் கேட்டது இதுதான்:

"அக்கா, நான் கண்ணால பார்த்தேன். அட்டையில ஒரே ஒரு கோடுதான் வந்துச்சு. ஒரு கோடுன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? கர்ப்பம் பார்க்கிற அட்டையிலயும் அப்படித்தான், கொரோனா அட்டையிலயும் அப்படித்தான். என்னை ஏமாத்திட்டாங்க. ரெண்டு வாரமா பால் காசு இல்லை, தவணை எப்படிக் கட்டுவேன்?"

உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அன்றைக்கு பதில் தெரியவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பிறகு கால்நடை மருத்துவரிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுப் புரிந்துகொண்டோம். புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். நம்மில் பலருக்கு மாடுதான் சோறு போடுகிறது. அதனால் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அது என்ன நஞ்சு?

மழையில் நனைந்த கடலைப் புண்ணாக்கு மூட்டையைத் திறந்தால் ஒரு மக்கல் வாசனை வரும். உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பூத்திருக்கும். அந்தப் பூசணங்களில் ஒன்றுக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று பெயர். அது வளரும்போது கக்குகிற நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

இந்த நஞ்சை உலகம் தெரிந்துகொண்ட கதையே புண்ணாக்கில்தான் தொடங்கியது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்றே யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் இருந்திருக்கிறது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் எல்லையோரக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழை மக்களுக்கு ஈரல் கெட்டது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் போய் ஆராய்ந்தார்கள். நோய் கண்ட 397 பேரில் 106 பேர் இறந்துபோனார்கள்.

ஒரேயடியாக நிறைய சாப்பிட்டால் இப்படி. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அஃப்ளாடாக்சினை வைத்திருக்கிறது.

பாலுக்கு எப்படி வருகிறது?

மாடு பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்றால், அதில் இருக்கும் நஞ்சை அதன் ஈரல் கொஞ்சம் மாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். அப்படி மாறியது ஒரு பங்கு மடிக்கு வந்துவிடும். பாலில் வரும் இந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் எம்-1 என்று பெயர். தீவனத்தில் இருப்பதில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை பாலுக்கு வரும். நிறைய கறக்கும் மாட்டில் இதைவிடக் கூடுதலாகவும் வரும். தின்ற ஒரு நாளைக்குள்ளேயே பாலில் தெரிய ஆரம்பித்துவிடும்.

"பாலைத்தான் பொங்கப் பொங்கக் காய்ச்சுறோமே, செத்துப்போகாதா?" என்று கேட்கலாம். கிருமி சாகும். இது கிருமி இல்லை, நஞ்சு. காய்ச்சினாலும் போகாது, பாக்கெட் போடும் முன் சூடுபடுத்தினாலும் போகாது. தயிர் ஆக்கினாலும் அதில் இருக்கும். பனீரிலும் பால்கோவாவிலும் இன்னும் கெட்டிப்படும்.

மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பாலும் வெள்ளையாக, ருசியாகத்தான் இருக்கும். மூக்குக்கும் நாக்குக்கும் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது.

நம் தமிழ்நாட்டு நிலைமை

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ம் வருடம் மே முதல் அக்டோபர் வரை நாடு முழுக்கப் பாலைச் சோதித்தது. 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். அறிக்கை 2019 அக்டோபரில் வெளிவந்தது. பாலில் யூரியா, சோப்பு என்று கலப்படம் செய்வதாக நாம் நிறைய கேள்விப்படுகிறோம். ஆனால் அந்தச் சோதனையில் உடம்புக்குக் கெடுதலான கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில் மட்டும்தான். அஃப்ளாடாக்சின் எம்-1 அளவுக்கு மீறி இருந்ததோ 368 மாதிரிகளில். நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் முதல் இடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடுதான். எடுத்த 551 மாதிரிகளில் 88 மாதிரிகள். நூற்றுக்குப் பதினாறு. அடுத்தடுத்த இடங்களில் டெல்லியும் கேரளாவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "பாக்கெட் பால்னா சுத்தம், மாட்டுக்காரம்மா பால்தான் சந்தேகம்" என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கெடுப்பில் பாக்கெட் பாலில் 227 மாதிரிகளும், கறந்த பாலில் 141 மாதிரிகளும் அளவைத் தாண்டின. இத்தனைக்கும் அவர்கள் அதிகமாக எடுத்தது கறந்த பால் மாதிரிகளைத்தான். ஆக இது எங்கோ ஒரு ஏழைப் பெண் செய்யும் தப்பு இல்லை. தீவனத்திலிருந்து வரும் கோளாறு.

இதைப் படித்துவிட்டு பயந்துபோய் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். பால் நல்ல உணவு. தீவனத்தைச் சரி செய்வதுதான் வழி.

கடுகளவுகூட இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நம் நாட்டில் ஒரு கிலோ பாலில் எம்-1 நஞ்சு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். அது எவ்வளவு? பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 200 வரிசையாக நிற்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை லாரிப் பாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். ஒரு சிட்டிகை உப்பு மாதிரி. அதற்கு மேல் போனால் தப்பு!

இதைத் தேடிப் பிடிப்பது எது? நம் உடம்பு ஏற்கெனவே செய்கிற ஒரு வேலைதான்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டால், அந்த நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் உண்டாகும். அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். டாக்டர்கள் ஆன்டிபாடி என்பார்கள். ஐம்பது கன்றுகள் ஓடி வந்தாலும் பசு தன் கன்றை மட்டும்தான் அண்டவிடும், இல்லையா? எதிர்ப்பொருளும் அப்படி. ஆயிரம் பொருள் கலந்து கிடந்தாலும் தனக்கு உரியதை மட்டும் பிடித்துக்கொள்ளும். அஃப்ளாடாக்சினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் முயல், எலி மூலம் தயாரிக்கிறார்கள்.

இந்தக் குணத்தை வைத்துச் சோதனை செய்யலாம் என்று காட்டியதில் பெண்களின் பங்கு பெரியது. அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானி, தன் சக விஞ்ஞானி சாலமன் பெர்சனோடு சேர்ந்து 1950-களின் கடைசியில் இந்த வழியைக் கண்டுபிடித்தார். அதற்காக 1977-ல் நோபல் பரிசு பெற்றார். 1971-ல் ஸ்வீடன் நாட்டில் ஈவா எங்வால் என்ற பெண்ணும் அவருடைய பேராசிரியரும் நிறம் மாறுவதை வைத்துப் பார்க்கும் எலைசா சோதனையைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் சாதனத்தை 1967-ல் முதலில் வடிவமைத்தவர் மார்கரெட் கிரேன் என்ற பெண். அதன் உரிமையை அவர் பேருக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டாலர்கூட அவர் கைக்கு வரவில்லையாம். நம் கதையைப் போலவே இருக்கிறது பாருங்கள்.

அட்டைக்குள் என்ன நடக்கிறது?

இப்போது அட்டைக்கு வருவோம். எதிர்ப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதன் மேல் ஒரு பொட்டு வைத்து விடுகிறார்கள். தங்கப் பொட்டு! தங்கத்தை மிக மிகச் சின்ன மணிகளாக ஆக்கினால் அது மஞ்சளாக இருக்காது. வெளிச்சத்தில் உள்ள பச்சை நிறத்தை விழுங்கிவிட்டு சிவப்பாகத் தெரியும். நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மணி அது. ஒன்றிரண்டு மணி தெரியாது. லட்சக்கணக்கில் ஒரே கோட்டில் வந்து நின்றால் சிவப்புக் கோடாகத் தெரியும். அட்டையில் நாம் பார்க்கும் கோடு அந்தத் தங்கம்தான்.

கர்ப்பம் பார்க்கும் அட்டையில், கர்ப்பிணியின் சிறுநீரில் இருக்கும் ஹார்மோன் பெரிய பொருள். பெரிய அண்டாவை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்துத் தூக்குவது போல, ஒரு எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு வரும். கோட்டில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் மறுபக்கம் பிடித்து நிறுத்திவிடும். தங்கமும் அங்கேயே நிற்கும். கோடு சிவக்கும். அதனால் இரண்டாவது கோடு வந்தால் "இருக்கிறது" என்று அர்த்தம். கொரோனா அட்டையும் இப்படித்தான்.

ஆனால் அஃப்ளாடாக்சின் கடுகு மாதிரி. அந்த ஹார்மோனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கடுகை இரண்டு பேர் பிடித்துத் தூக்க முடியுமா? ஒருத்தி விரலால் எடுத்தால் அடுத்தவளுக்குப் பிடிக்க இடமே இல்லை. அதனால் இந்த அட்டையை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள்.

நம் தெருக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். காலிக் குடத்தோடு வருகிறவள் குழாயடியில் நிற்பாள். வழியிலேயே குடம் நிறைந்துவிட்டவள் நிற்காமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அட்டையில் சோதனைக் கோடுதான் குழாயடி. அங்கே கொஞ்சம் அஃப்ளாடாக்சினை முன்கூட்டியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். தங்கப் பொட்டு வைத்த எதிர்ப்பொருள்கள்தான் குடம் எடுத்து வரும் பெண்கள். பாலில் நஞ்சு இல்லாவிட்டால் எல்லோரும் காலிக் குடத்தோடு வந்து கோட்டில் நிற்பார்கள். கோடு பளிச்சென்று சிவக்கும். பாலில் நஞ்சு இருந்தால், வழியிலேயே குடம் நிறைந்துவிடும். கோட்டில் நிற்க மாட்டார்கள். கோடு மங்கிப்போகும், அல்லது வராமலே போகும்.

ஆகவே சகோதரிகளே, பால் அட்டையில்:

இரண்டு கோடும் நன்றாகத் தெரிந்தால் நல்லது.

சோதனைக் கோடு மங்கினால் அல்லது வராவிட்டால் நஞ்சு அளவுக்கு மேல் இருக்கலாம்.

இன்னொரு கோடு, அதாவது அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கோடு, எப்போதும் வந்தாக வேண்டும். அது வராவிட்டால் அந்த அட்டையே கெட்டது. வேறு அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் உறுப்பினர் பார்த்த ஒரே கோடு அந்த இரண்டாவது கோடுதான். அவரை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அட்டையை எப்படிப் படிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கலங்கியிருக்க மாட்டார்.

ஒளியை வைத்து இன்னும் என்னவெல்லாம்?

கோடு பார்ப்பது கண்ணால். இதையே இன்னும் துல்லியமாகப் பார்க்க ஒளிக் கருவிகள் இருக்கின்றன. உயிர்ப்பொருளை வைத்து உணர்வதால் இவற்றுக்கு பயோசென்சார் என்று பெயர்.

ஒரு வகையில், கண்ணாடி மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசி, அதில் எதிர்ப்பொருளை ஒட்டி, அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுவார்கள். தங்கத்தின் மேல் ஏதாவது வந்து ஒட்டினால், திரும்பி வரும் ஒளியின் கோணம் லேசாக மாறும். பொட்டு வைக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட கருவி ஸ்வீடனில் 1990-ல் விற்பனைக்கு வந்தது.

இன்னொரு வகை, கேபிள் நெட்டுக்கு வரும் ஒயர் போன்ற ஒளி இழையை வைத்துச் செய்வது. இழையை வளையல் துண்டு போல வளைத்தால், வளைவில் ஒளி கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே தங்க மணிகள் வந்து ஒட்டினால் மறுமுனைக்கு வரும் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து நஞ்சு எவ்வளவு என்று எண்ணில் சொல்லிவிடலாம். இந்த வகை ஆராய்ச்சி நம் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே நடக்கிறது.

பாலுக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கும் இது உதவும். ஐரோப்பாவில் ஆற்றுத் தண்ணீரில் களைக்கொல்லி மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க இப்படி ஒளிக் கருவி செய்தார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருள் வைத்த பட்டைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் நிலக்கடலைக்குக் குறைந்த செலவில் அஃப்ளாடாக்சின் சோதனையைக் கொண்டுவந்தது. 2016-ல் இரண்டு டாலருக்கும் குறைவான செலவில், கால் மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் அட்டையை ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் அறிமுகம் செய்தார்கள். அங்கேயும் கடலை விளைவிக்கும் ஏழை விவசாயிகள்தான்.

மடிநோய் ஊசியும் ஒவ்வாமையும்

பால் சோதிக்கும் இடத்தில் இன்னொரு அட்டையும் வைப்பார்கள். அது ஆன்டிபயாடிக் மருந்து பார்க்கும் அட்டை. மாட்டுக்கு மடிநோய் வந்தால் பெனிசிலின் வகை ஊசி போடுகிறோம். அந்த மருந்து சில நாள் பாலில் வரும். 2018 கணக்கெடுப்பில் 77 மாதிரிகளில் மருந்து அளவுக்கு மேல் இருந்தது.

சிலருக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடித்துப்போகும், மூச்சு முட்டும். அப்படி ஒவ்வாமை உள்ளவருக்குப் பாலில் இருக்கும் கொஞ்சமே ஆபத்து ஆகலாம். எல்லோருக்கும் பொதுவாக, இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால், நாளைக்கு நோய் வந்தால் அதே மருந்து கேட்காமல் போகும் ஆபத்தும் உண்டு. ஊசி போட்ட டாக்டரிடம் "எத்தனை நாள் பால் ஊத்தக் கூடாது?" என்று கட்டாயம் கேளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.

அட்டை செய்ய முடியாதது

அட்டையைக் கடவுள் வாக்கு மாதிரி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். "அளவுக்கு மேல் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம்" என்றுதான் அது சொல்லும். வெயிலில் கிடந்த அட்டை, தேதி முடிந்த அட்டை, நேரம் தவறிப் பார்த்த அட்டை, இவையெல்லாம் தப்பாகக் காட்டும். சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்தில்தான் உறுதி செய்ய வேண்டும். ஆகவே பாலைத் திருப்பினால் சண்டை போடாமல், "இன்னொரு அட்டையில பாருங்க, என் கண் முன்னாடி பாருங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னொரு விஷயம். இருபது வீட்டுப் பால் ஒரே கேனில் கலந்த பிறகு சோதித்தால் யார் வீட்டுத் தீவனம் கெட்டது என்று தெரியாது. பழி எல்லோர் மேலும் விழும். கேன் தப்பினால் வீடு வீடாகத் தனித்தனியே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் காதில் விழாது. குழுவாகக் கேட்டால் விழும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அட்டை நஞ்சைக் காட்டும். எடுக்காது. எடுப்பது நம் மாட்டுக் கொட்டகையில்தான்.

1. புண்ணாக்கையும் தவிட்டையும் மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும் வாங்குங்கள்.

2. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். கூரை ஒழுகும் இடம் கூடவே கூடாது.

3. பூசணம் பிடித்ததைத் தட்டிவிட்டு, வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பூசணம் போகும், நஞ்சு உள்ளேயே இருக்கும். நல்லதோடு கலந்து போடுவதும் தப்பு.

4. நனைந்த வைக்கோல், கடையில் மீந்த பூசணம் பிடித்த பிரெட், இவற்றையும் மாட்டுக்குப் போடாதீர்கள். காசு மிச்சம் மாதிரி தெரியும், பாலில் நஷ்டமாகும்.

5. கம்பெனித் தீவனம் வாங்கினால் மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த தேதியும் பாருங்கள். ரசீது வாங்கி வையுங்கள். தீவனமே கெட்டு வந்தால் கேட்க ஆதாரம் வேண்டும்.

6. பச்சைத் தீவனம் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டால் புண்ணாக்கை நம்பியே இருக்க வேண்டியதில்லை.

7. நிலக்கடலை போடுகிறவர்கள், பறித்த கடலையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் சலசலவென்று சத்தம் வரும் வரை காயவையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, இவற்றைப் பொறுக்கித் தள்ளுங்கள். பொறுக்கித் தள்ளியதைச் செக்குக்கு அனுப்பினால் அது புண்ணாக்காகி திரும்ப நம் மாட்டுக்கே வரும்!

நல்ல செய்தி ஒன்று உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பால் சுத்தமாகிவிடும். மாட்டை விற்க வேண்டியதில்லை, மருந்துக்குச் செலவும் இல்லை.

தீவனத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. ஒருத்தருக்கு இது தூரம், செலவு. பத்துப் பேர் ஒரே கடையில் புண்ணாக்கு வாங்கினால், எல்லோரும் சேர்ந்து ஒரு மாதிரி அனுப்பலாம். எப்படி எடுத்து அனுப்புவது என்று உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கடலை மிட்டாய், சத்துமாவு செய்யும் குழுக்களுக்கு

பால் மட்டும் இல்லை. சாப்பிடத் தயாரான நிலக்கடலைப் பண்டத்துக்கும் அஃப்ளாடாக்சின் அளவு சட்டத்தில் உண்டு. பூசணம் பிடித்த ஒரு கடலை ஒரு தட்டு மிட்டாயைக் கெடுத்துவிடும். வறுத்தாலும் நஞ்சு முழுக்கப் போகாது. வறுப்பதற்கு முன்னால் பொறுக்குங்கள்.

ஒவ்வாமை விஷயமும் இங்கே உண்டு. சிலருக்கு நிலக்கடலை ஒரு பருப்பு பட்டால்கூட ஒத்துக்கொள்ளாது. 2020-ம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின்படி நிலக்கடலை, கோதுமை, பால், முட்டை, மீன், சோயா போன்றவை பண்டத்தில் இருந்தால் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும். கடலை அரைத்த மில்லிலேயே சத்துமாவை அரைத்தால் அதில் கடலைத் தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூளைக் கண்டுபிடிப்பதும் இதே எதிர்ப்பொருள் சோதனைதான். அதனால் மில்லைத் துடைத்துவிட்டு அரையுங்கள், லேபிளில் உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

கடைசியாக

அந்த உறுப்பினர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கொட்டகை ஓரத்தில் கூரை ஒழுகி, புண்ணாக்கு மூட்டையின் அடிப்பாகம் கட்டியாகிக் கிடந்தது. மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்தார். "எண்ணூறு ரூபா மண்ணுல போச்சு" என்று வருத்தப்பட்டார். புதுத் தீவனம் வாங்கக் குழுவிலிருந்து சின்னக் கடன் கொடுத்தோம். பத்து நாள் கழித்து மறுபடியும் பாலைக் கொண்டுபோனார். அட்டை வைத்தார்கள். இந்தத் தடவை அவரே குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கோடு வந்துடுச்சு, பால் நல்ல பால்" என்று சொன்னாராம். அங்கே நின்ற மற்ற பெண்கள் "எப்படிம்மா தெரியும்?" என்று கேட்க, குழாயடிக் கதையை அவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதைச் சத்தமாக வாசியுங்கள். மாடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர், தீவனம் எங்கே வாங்குகிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புண்ணாக்கு மூட்டையின் அடியில் கை விட்டுப் பாருங்கள்.